மைக் பிடித்தவரும் பிடிக்காதவரும்: தமிழ் ராப் குழுக்களை ஒப்பிடுவதில் உள்ள சிக்கல்

1. கேள்வி

புதுச்சேரியில் பேருந்து ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. காலாப்பட்டும் பல்கலைக்கழகமும் கணபதிசெட்டிக்குளமும் கடந்து கனகசெட்டிக்குளம் வந்தால் அதோடு புதுச்சேரியின் வட எல்லை முடிகிறது. இந்த ஊர்க் கரையில், ஏற்றி வைத்த பைபர் படகு ஒன்றின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த நான்கு இளைஞர்கள் கைப்பேசியோடு இணைத்த சின்ன ஸ்பீக்கரில் தமிழ் ராப் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ராப் வரிகளை மூச்சு விடாமல் கூடவே சொன்னான். இன்னொருவன் பல்லவி வந்தபோது மட்டும் சேர்ந்துகொண்டான். மூன்றாமவன் வாயே திறக்கவில்லை. காலி ஐஸ்பெட்டியின் மூடியில் உள்ளங்கையாலும் விரல்முட்டியாலும் தாளம் போட்டான். அடியின் கனம் உள்ளங்கைக்கு, சுண்டல் விரல்முட்டிக்கு. நான்காமவன் வலையிலிருந்து கண் எடுக்கவில்லை. பாட்டு முடிந்ததும், "ஆதி பெரிய ஆளா, அறிவு பெரிய ஆளா" என்று இரண்டு தமிழ் ராப் கலைஞர்களை வைத்து வழக்கு தொடங்கியது. ஐஸ்பெட்டி தட்டியவன் செய்த வேலைக்கு நிகரான வேலையை அந்தப் பாட்டில் செய்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அந்த வழக்கிலிருந்து பிறந்தது. குழுவாகச் சேர்ந்து ஆல்பம் செய்தவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடும்போது நாம் உண்மையில் எதை ஒப்பிடுகிறோம்? குரலையா, எழுத்தையா, தாளத்தையா, முகத்தையா? தமிழ் ராப்பின் மூன்று முக்கியக் குழுக்களான நட்சத்ரா, ஹிப்ஹாப் தமிழா, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் ஆகியவற்றை வைத்து இதைப் பார்க்கலாம். இங்கே நான் நிறுவ முயல்வது இதுதான்: நம் ஒப்பீடுகள் பிழைபடுவதற்கு ரசிகரின் காது மட்டும் காரணமில்லை. பலர் உழைப்பை ஒரே பெயருக்குள் மடித்து வைக்கும் நம் இசைத்துறையின் வழக்கம் அந்தக் காதுக்குத் தகவலே தருவதில்லை.

2. நிலவும் பார்வைகள்

தமிழ் ராப் பற்றிய பேச்சு மூன்று வகையில் நடக்கிறது. முதலாவது ரசிகர் பேச்சு. யார் வேகமாகச் சொல்கிறார், யார் துணிந்து எழுதுகிறார், யார் மேலே வந்துவிட்டார் என்பதே அதன் அளவை. இரண்டாவது பத்திரிகைப் பேச்சு. அது குழுவின் தலைவரைக் குழுவாகவே ஆக்கிவிடும்; நேர்காணலுக்கு ஒருவர் போதும், அட்டைப்படத்துக்கு ஒரு முகம் போதும். மூன்றாவது ஆய்வாளர் பேச்சு. ராப்பை எதிர்ப்பின் இலக்கியமாக எடுத்து, வரிகளைக் காகிதத்தில் எழுதிப் படித்து, அரசியலை விளக்கும். மூன்றிலும் மதிப்புள்ள கண்டுபிடிப்புகள் உண்டு. மூன்றும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன: வாய் திறந்தவரை மட்டுமே ஆசிரியராகக் கொள்கின்றன.

வெளியுலகில் இந்த வழக்கு எப்படி நடந்தது என்பதற்கு நியூயார்க்கின் வூ-டாங் கிளான் நல்ல சான்று. 1993இல் வந்த முதல் ஆல்பத்தில் ஒன்பது பேர். குழுவாக ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டாலும், ஒவ்வொருவரும் விரும்பிய நிறுவனத்தில் தனி ஆல்பம் செய்யலாம் என்ற உரிமையைக் குழுத் தலைவர் ரிஸா முதலிலேயே வாங்கி வைத்தார். எனவே 1994 முதல் தனி ஆல்பங்கள் வரிசையாக வந்தன; ஒப்பீடும் வரிசையாக வந்தது. இன்ஸ்பெக்டா டெக் குழுப் பாடல்களில் மிகக் கூர்மையாகச் சொல்பவர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய தனி ஆல்பம் 1999இல்தான் வந்தது. மற்றவர்கள் அளவுக்குப் பேசப்படவில்லை. ஆகவே அவர் இரண்டாம் நிலைக் கலைஞர் என்று சொல்லிவிடலாமா? அவருக்காக ரிஸா செய்து வைத்திருந்த இசைத்தடங்கள், ரிஸாவின் நிலவறை ஸ்டுடியோவில் வெள்ளம் புகுந்தபோது அழிந்துபோயின. வரிகள் அதே ஆளிடம்தான் இருந்தன. அடியில் கிடக்க வேண்டிய இசை போய்விட்டது. தனி ஆல்பத்தை வைத்து ஆளை எடைபோடுவோர் இதை மறக்கக் கூடாது.

3. காதுக்கு ஓர் அளவுகோல்

குழுக்களுக்குள் போகுமுன் ராப் வரியைத் தமிழில் எப்படி அளப்பது என்று ஒரு வார்த்தை. ராப்பின் ஒலிப்பொருத்தம் பெரும்பாலும் வரியின் கடைசியில், நான்காவது தட்டில் விழும். நம் யாப்பில் அதற்குப் பெயர் இயைபு. ஆனால் தமிழ் வினைமுற்றில் முடியும் மொழி. வந்தேன், நின்றேன், சொன்னேன் என்று யார் எழுதினாலும் இயைபு தானாக வந்து விழும். அதற்குத் திறமை வேண்டியதில்லை. நம் மரபு இயைபை விட எதுகைக்கும் மோனைக்கும் கூடுதல் மதிப்புக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எதுகை சொல்லின் உடம்புக்குள் நிகழ்வது. விகுதியை ஒட்டவைத்து அதைப் பெற முடியாது.

எனவே தமிழில் ராப் சொல்பவரின் தரத்தைப் பார்க்க மூன்றைக் கவனிக்கலாம். விகுதியைத் தாண்டி, பகுதியிலேயே ஒலிப்பொருத்தம் செய்கிறாரா? வல்லினத்தையும் ஒற்றையும் தாள அடியின் மேல் சரியாக இறக்குகிறாரா? நெடிலை நீட்டவும் குறிலைக் கொத்தாக அடுக்கவும் தெரிகிறதா? அருணகிரிநாதர் திருப்புகழில் சந்தத்தை ஆண்டதும் இந்த மூன்றாலும்தான். வேகம் இந்தப் பட்டியலில் இல்லை. குறில்கள் மலிந்த வரியை யாரும் வேகமாகச் சொல்லலாம்.

4. நட்சத்ரா: மூன்று குரல், ஒரு பெயர்

தமிழ் ராப் தமிழகத்தில் சினிமா வழியாக வந்தது; 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' 1994இல். ஆனால் குழுவாக, ஆல்பமாக வந்தது மலேசியாவிலிருந்து. யோகி பி முதலில் இருந்த பொயடிக் அம்மோவில் நான்கு பேர்: யோகி பி, பாயின்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி லோகோ. 1998இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் நான்கும் உண்டு. அந்தக் குழுவில் தமிழ் பல மொழிகளில் ஒன்று. கோலாலம்பூர்த் தெரு பேசுவது போல. 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜேஸ் மூவரும் நட்சத்ராவாகச் சேர்ந்து 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது தமிழே நடுவில் வந்து உட்கார்ந்தது. ஒரே ஆளை இரண்டு ஆல்பங்களில் ஒப்பிட்டால் தெரிவது இதுதான்: உடன் நிற்பவர் மாறியதும் யோகி பியின் மொழியே மாறிவிட்டது. உறுப்பினரைக் குழு உருவாக்குகிறது.

'மடை திறந்து' எல்லோருக்கும் தெரியும். இளையராஜா 1980இல் 'நிழல்கள்' படத்துக்குச் செய்த மெட்டைப் பல்லவியாக வைத்து, இடையிடையே ராப் பத்திகளை நட்டார்கள். தமிழகத்துக் கல்லூரி விழாக்கள் தமிழில் ராப் முடியும் என்று நம்பத் தொடங்கியது அந்தப் பாட்டால். அதில் கேட்பது ஒரு தொடரோட்டம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். யோகி பியின் குரல் அடித்தொண்டையிலிருந்து வருவது. அவசரப்படாமல், மேடைத் தமிழின் கம்பீரத்தோடு, ஒற்றெழுத்தை அழுத்தி நிறுத்திச் சொல்வார். அந்த நிதானம் எடுபடுவதற்குக் காரணம் பக்கத்தில் வேறு கதியில் ஓடும் குரல்கள் இருந்ததுதான். பின்னால் 2007இல் 'பொல்லாதவன்', 2017இல் 'விவேகம்', 2018இல் 'காலா' எனச் சினிமா அழைத்தது யோகி பியை மட்டும். அப்பாடல்களில் அவர் குரல் அதே கனத்தோடு இருக்கிறது. ஆனால் விருந்தாளியின் கனம். ஓடி வந்து கோலைக் கொடுக்கவும் வாங்கவும் ஆள் இல்லை. நட்சத்ராவின் மற்ற இருவரையும் தமிழக ரசிகர் பலர் பெயர் சொல்லத் திணறுவது அவர்களுடைய திறமையின் அளவைக் காட்டவில்லை. நம் சினிமா ஒரு குழுவிலிருந்து எத்தனை பேரை எடுத்துக்கொள்ளும் என்பதைக் காட்டுகிறது.

5. ஹிப்ஹாப் தமிழா: பாடுபவரும் பாடாதவரும்

ஒப்பிடுவதற்கே கடினமான இணை ஆதியும் ஜீவாவும். 2011இல் 'கிளப்புல மப்புல' பாட்டு யூடியூபில் பரவியது. அதன் பெண் குறித்த பார்வை கடுமையான கண்டனத்தையும் பெற்றது. கண்டனம் நியாயமானது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது. 2013இல் 'எதிர்நீச்சல்' படத்தின் தலைப்புப் பாடலில் ஆதி குரல் கொடுத்தார். 2015இல் 'ஆம்பள' படத்தில் இருவரும் இசையமைப்பாளர்களானார்கள்; அதே ஆண்டில் 'இன்று நேற்று நாளை', 'தனி ஒருவன்'. படத்தின் தொடக்கத்தில் வரும் எழுத்து 'இசை: ஹிப்ஹாப் தமிழா' என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் இரண்டு ஆட்கள்.

ஆதியின் பயணத்தை ஆல்பம் ஆல்பமாகக் கேட்கலாம். 2012இல் அவர் எழுத்தில் தமிழ்ப் பெருமிதம் அறிவிப்பாக வருகிறது. உச்சரிப்பு தெளிவு, ழகரம் பிசகுவதில்லை. ஆனால் ஒலிப்பொருத்தம் பெரும்பாலும் விகுதியில் தங்கிவிடுகிறது. நான் சொன்ன முதல் அளவையில் இது குறை. 2020இல் வந்த 'நான் ஒரு ஏலியன்' ஆல்பத்தில் அறிவிப்பு குறைந்து பேச்சு கூடுகிறது. இணையம், தனிமை, தன் மேல் வரும் விமர்சனம் என்று பொருள் உள்ளே திரும்புகிறது. இடையில் ஏழு ஆண்டுச் சினிமா அவரை மெட்டுக்குப் பழக்கிவிட்டது. ராப் சொல்பவர் பாடகராகிவிட்டார். இது வீழ்ச்சி என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. சினிமாப் பாட்டில் ராப் ஒரு சரணத்துக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் இடம்; அந்த இடத்தில் ஏழு ஆண்டு வாழ்ந்தவர் மெட்டைக் கற்றுக்கொண்டது இயல்பு. தனி ஆல்பத்துக்குத் திரும்பியபோதும் அந்த மெட்டு கூடவே வந்ததை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஜீவாவை எப்படிக் கேட்பது? அவர் குரல் முன்னால் வருவதில்லை. இருவரில் யார் எந்தத் தடத்தைச் செய்தார் என்பதை 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயர் சொல்வதுமில்லை. இதன் முழு விளைவைக் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. 2017இல் ஆதி எழுதி இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு', அந்தக் குழு உருவான கதையையே தழுவியது. அதில் ஆதியாக ஆதியே வருகிறார். ஜீவா என்ற பாத்திரத்தில் வருபவர் விக்னேஷ்காந்த். தன் குழுவின் கதையில் ஒருவர் தானாகவே திரையில் நிற்க, மற்றவருக்கு இன்னொரு முகம் தேவைப்படுகிறது. யாரும் யாரையும் வஞ்சித்ததாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முன்னே நிற்க விரும்பாதது ஜீவாவின் தேர்வாகவே இருக்கலாம். பின்னால் இருப்பதில் நிறைவு காணும் கலைஞர்கள் நம் மேடைகளில் எப்போதும் உண்டு. ஆனால் கேட்பவரின் பக்கம் நின்று பார்த்தால் இழப்பு உண்மையானது. ஒரு பெயர் பத்தாண்டுக்கு மேல் தமிழ் வெகுசன இசையின் ஒலியில் செல்வாக்குச் செலுத்தியிருக்கிறது. அந்த ஒலியில் இருவரில் யாருடைய கை எது என்று ஒரு மாணவர் கற்க வழி இல்லை. காரைக்காலைக் களமாகக் கொண்ட 'நட்பே துணை' 2019இல் வந்தபோது எங்கள் ஒன்றியப் பகுதி இளைஞர்கள் அதைச் சொந்தப் படமாகவே கொண்டாடினார்கள். அவர்களிடம் இசை யார் என்று கேட்டால் "ஆதி" என்பார்கள். பாதி விடை அது.

பிரெஞ்சு வாசனை இன்னும் முற்றாக விலகாத ஊரில் இருப்பதால் மார்செய் நகரத்தின் ஐயாம் குழுவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே ராப் சொல்பவர்கள் அக்கெனதோனும் ஷூரிக்கனும். இசைத்தடம் செய்யும் இம்ஹோதெப், டிஜே கெயோப்ஸ் ஆகியோரும் அதே அளவு பெயருடைய உறுப்பினர்கள். 1997இல் வந்த அவர்களின் புகழ்பெற்ற ஆல்பத்தை ரசிகர்கள் பேசும்போது இம்ஹோதெப்பின் ஒலியையும் சேர்த்தே பேசுகிறார்கள். அக்கெனதோன் 1995இலும் ஷூரிக்கன் 1998இலும் தனி ஆல்பம் செய்தபோது, குழுவிலிருந்து எது வந்தது, ஆளிடமிருந்து எது வந்தது என்று பிரித்துப் பேச முடிந்தது. ஒவ்வொருவருக்கும் பெயரும் இருந்தது, வேலையும் இருந்தது.

6. பத்தொன்பது பேரில் ஒருவர்

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர், சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து வந்தது. மேடையில் பத்தொன்பது பேர். பெரும்பாலோர் வடசென்னையின் கானாப் பாடகர்களும் தாளக் கலைஞர்களும். ஒரே பெண், இசைவாணி. ராப் எழுதிச் சொன்னவர் அரக்கோணத்துக்காரர் அறிவு.

இந்தக் குழுவை ராப் குழு என்று சொல்லலாமா என்பதே ஒரு கேள்வி. கானாவும் ராக்கும் பறையும் ராப்பும் கலந்தது. ஆனால் அந்தக் கலப்பினால்தான் ஒப்பீட்டுக்கு வளமான இடமாகிறது. கானா சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடி வளர்ந்த கலை. இறந்தவரின் பெயரையும் தெருவையும் உறவையும் அப்போதே கட்டிப் பாட வேண்டும். எதுகை அங்கே உடனடித் தேவை. யோசிக்க நேரம் இல்லை. அப்படிப்பட்ட பாடகர்களுக்கு நடுவில் எழுதி வைத்த ராப்பைச் சொல்ல வந்தவர் அறிவு. இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் ஆணவக்கொலையும் பாடுபொருளான அந்த மேடையில், அவர் ராப் பகுதி வாதம் வைக்கும். கானாக் குரல்கள் அதைத் தெருவின் சாட்சியாக ஆக்கும். வாதமும் சாட்சியும் சேர்ந்ததே அந்தக் குழுவின் பலம்.

2019இல் அறிவு, இசைத்தடக் கலைஞர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் செய்தார். பத்தொன்பது பேர் இரண்டு பேரானார்கள். இங்கே சாட்சி சொல்லக் கூட்டம் இல்லை. அந்த வேலையையும் வரியே செய்தாக வேண்டும். செய்தது. தூத்துக்குடியில் 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட ஸ்னோலின் பெயரில் ஒரு பாட்டு. 'ஆன்ட்டி இண்டியன்' என்ற வசையையே தலைப்பாக எடுத்த இன்னொன்று. எதுகை சொல்லின் பகுதிக்குள் இறங்குவதையும், வல்லினம் தாள அடியில் வந்து உட்காருவதையும் இந்த ஆல்பத்தில் தெளிவாகக் கேட்கலாம். மூன்று அளவையிலும் தேறுகிறவர் இவரே என்பது என் மதிப்பீடு. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வரிகள் தெளிவாகக் கேட்பதற்கு ஆஃப்ரோ விட்ட வெற்றிடமும் காரணம். சொல்லுக்கு வழிவிடும் இசைத்தடம் அது. அந்த ஆல்பம் இருவர் பெயரிலும் வந்தது. எனவே இதை ஊகமாக அல்ல, உரிமையோடு சொல்ல முடிகிறது. 2024இன் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தில் அறிவு பாட்டி வள்ளியம்மாளின் நினைவுக்குத் திரும்பும்போது, வாதம் தணிந்து கதைசொல்லல் முன்னே வருகிறது. கேஸ்ட்லெஸ் மேடையில் கானாப் பாடகர்கள் செய்த வேலையை இப்போது அவரே செய்கிறார்.

இசைவாணியை ஒப்பீட்டுப் பட்டியலிலேயே பலர் வைப்பதில்லை. அவர் ராப் சொல்பவர் இல்லையாம். ஆண்களே கோலோச்சிய கானாவில் தனிக்குரலாக நின்றவர், 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றவர். சபரிமலை வழக்கை ஒட்டி 2018இல் அவர் பாடிய பாட்டுக்காக ஆண்டுகள் கழித்தும் மிரட்டலைச் சந்தித்தவர். குழுவின் துணிவை யார் விலை கொடுத்துத் தாங்கினார் என்று கணக்கிட்டால் அவர் பெயர் முன்வரிசையில் வரும். வகைமைப் பெயரை வைத்து ஒப்பிட்டால் அவர் காணாமல் போகிறார்.

7. பெயர் அச்சிடுதல்

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' இந்தச் சிக்கலை வீதிக்குக் கொண்டுவந்தது. பாடகி தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. அதே ஆண்டு ஓர் ஆங்கில இசை இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவு இல்லாததை ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தார்கள். பின்னர் அறிவுக்குத் தனி மின்அட்டை வந்தது. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமல் ஒலித்தது. மெட்டு யாருடையது, வரி யாருடையது என்று பொதுவெளியில் வாதம் நடந்தது. இருதரப்பில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் ஒரு பாட்டில் யார் எதைச் செய்தார் என்பது முதல் நாளே வரிவரியாகப் பதிவாகியிருந்தால் அந்த வாதத்தில் பாதிக்கு இடமே இருந்திருக்காது.

சட்டம் இதற்கு எதிராக இல்லை. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. உரிமையை விற்ற பிறகும் அது நிற்கும். 2012 திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோருக்கு ராயல்டியில் சமபங்கை உறுதிப்படுத்தியது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒருவர் பங்களிப்பை மற்றவர் பங்களிப்பிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபோதுதான் சட்டம் அதைக் கூட்டுப் படைப்பு என்கிறது. ராப் பாட்டில் ஒவ்வொரு பத்தியும் ஒரு குரல், ஒரு ஆள். பிரித்துக் காட்ட முடியாதது அதில் மிகக் குறைவு. பிரித்து எழுதாதது வழக்கத்தின் குறை.

ஆகவே தமிழ் ராப் குழுக்களுக்கும் அவர்களை வெளியிடும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆல்பத்தின் உறையிலும் செயலியின் குறிப்பிலும் வெறும் குழுப் பெயரோடு நிறுத்தாதீர்கள். இந்தப் பத்தியை எழுதியவர் இவர், சொன்னவர் இவர், இந்தத் தாளத்தைச் செய்தவர் இவர் என்று பாட்டுக்குப் பாட்டு அச்சிடுங்கள். கனகசெட்டிக்குளத்துக் கரையில் ஐஸ்பெட்டி தட்டிய அந்தப் பையனுக்கு, தான் யாருடைய வேலையைச் செய்து பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும்.